பள்ளியில் படித்தது வாழ்க்கைக்கு எங்கே உதவியது? எந்தப் பாடம், எந்த வேலைக்கு என்று சொல்லுங்கள்

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அண்மையில் கடன் வாங்கினார். தொகை 1,20,000. ஓராண்டில் கட்டி முடிக்க வேண்டும். ஆண்டு வட்டி 10 சதவீதம், மாதத் தவணை 11,000. கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, உண்மையில் இது 18 சதவீதத்தை ஒட்டிய வட்டி என்றார். கடன் வாங்கியவர் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள். எதைச் சொன்னாலும் மனதில் பதிகிற பருவம். அத்தனையையும் வாங்கிக்கொண்ட பள்ளி திருப்பித் தந்தது என்ன? சைன், காஸ் சமன்பாடுகளை நிறுவத் தெரிந்தது. வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரி பின்னால் என்னை மாட்டிவிடும் என்று தெரியவில்லை. தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று எழுதினேன். காப்பீட்டுத் தாளில் எவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்பதை எங்கே தேடுவது என்று யாரும் காட்டவில்லை. மேலதிகாரி சொல்வது தவறு என்றால் அதை எப்படி எடுத்துச் சொல்வது? அதற்கு ஒரு பாடவேளையும் கிடையாது.

படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எழுத, படிக்க, கணக்குப் போட ஐந்தாறு ஆண்டுகள் போதும். மீதி எல்லாம் அடுத்த தேர்வுக்கான தயாரிப்பு என்பதே என் வாதம். மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். 'பள்ளி ஒழுக்கம் கற்றுத் தருகிறது' என்ற பொதுவான பதில் மட்டும் வேண்டாம்.

நடைவண்டி

முழுக்க உடன்படுகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இந்தக் குறை புதிதும் அல்ல. ரோமானியச் சிந்தனையாளர் செனெகா ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடிதத்தில் நொந்துகொண்டார்: நாம் வாழ்க்கைக்காகக் கற்பதில்லை, பள்ளிக்காகவே கற்கிறோம் என்று. பிற்காலத்தில் அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கி, 'பள்ளிக்காக அல்ல, வாழ்க்கைக்காகக் கற்கிறோம்' என்று பள்ளிகள் தங்கள் குறிக்கோள் வாசகமாக வைத்துக்கொண்டன. வாசகத்தை மாற்றினார்கள், நடைமுறையை மாற்றவில்லை.

கணக்காசிரியை

வணக்கம் இளவேனில். பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை நான். பாடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். உங்கள் நண்பரின் கடனிலேயே பாடம் இருக்கிறது.

மாதத் தவணை 11,000 என்பதில் 10,000 அசல், 1,000 வட்டி. முதல் மாதம் அவர் கையில் இருக்கும் கடன் 1,20,000. அடுத்த மாதம் 1,10,000. இப்படியே குறைந்து கடைசி மாதத்தில் மிச்சம் 10,000 மட்டும். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 1,20,000-க்கும் வசூலாகிறது. இதைத்தான் ஃபிளாட் வட்டி என்கிறார்கள். சரி, அந்த ஆண்டில் சராசரியாக அவரிடம் எவ்வளவு கடன் இருந்தது? 1,20,000, 1,10,000, 1,00,000 என்று இறங்கி 10,000-இல் முடிவது ஒரு கூட்டுத் தொடர். முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டிப் பாதியாக்கினால் 65,000. ஆண்டு முழுவதும் கட்டிய வட்டி 12,000. 65,000-க்கு 12,000 என்றால் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். இன்னும் துல்லியமாகப் போட்டால் 18-ஐ ஒட்டியே நிற்கும்.

கூட்டுத் தொடர், சராசரி, சதவீதம். மூன்றும் பள்ளிப் பாடம். அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடித்த உங்கள் இன்னொரு நண்பரும் இதை வானத்திலிருந்து பெறவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தால் இது அவருக்கும் தெரிந்திருக்காது.

இளவேனில்

அம்மா, விளக்கத்துக்கு நன்றி. இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது என் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. அதே மூன்று பாடத்திலும் முழு மதிப்பெண் எடுத்தவர்தானே ஏமாந்தார்? கருவி கையில் இருந்தும், அதை எடுக்க வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் அவர் கற்றது என்ன?

அகழ்

இந்தக் கேள்விதான் விவாதத்தின் மையம். கல்வி ஆய்வுத் துறையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஓர் ஆய்வு நடந்தது. தெருவில் விற்பனை செய்யும் ஐந்து சிறுவர் சிறுமியர், 9 முதல் 15 வயது வரை. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய் வாங்கினார்கள். விற்கும் இடத்தில் அந்தப் பிள்ளைகள் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் எழுதி, வெறும் கூட்டல் பெருக்கலாகக் கொடுத்தபோது சரியானது சுமார் 37 சதவீதம்.

ஒரு 12 வயதுச் சிறுவனிடம், ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். அவன் போட்ட வழியைப் பாருங்கள்: மூன்று தேங்காய் 105; இன்னும் மூன்று சேர்த்தால் 210; இன்னும் நான்கு வேண்டும்; 315; ஆக 350. பத்தால் பெருக்கப் பக்கத்தில் ஒரு சுழியம் போடு என்று பள்ளி சொல்லிக் கொடுத்த வழி அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. மூன்று தேங்காயின் விலை அவனுக்குப் பழக்கம், அதிலிருந்து ஏறினான். அது கணக்கு அறிவு இல்லையென்றால் வேறு எது?

இங்கே நிறுத்திவிட்டால் 'தெருவே பள்ளி' என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ஒன்று வந்தது. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள், சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் என இரு தரப்பையும் சோதித்தார்கள். சந்தைப் பிள்ளைகள் விற்பனைக் கணக்கை மனதிலேயே போட்டார்கள், பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டார்கள், விற்பனைக் கணக்கில் தடுமாறினார்கள்.

அறிவு தானாகக் கரை தாண்டுவதில்லை. பள்ளியிலிருந்து வாழ்க்கைக்கும் வருவதில்லை, வாழ்க்கையிலிருந்து பள்ளிக்கும் போவதில்லை. ஓரிடத்தில் பயின்ற திறமை வேறிடத்துக்கு எளிதில் மாறுவதில்லை என்று உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் நண்பரிடம் கணக்கு இல்லாமல் இல்லை, இளவேனில். அந்தக் கணக்கைத் தேர்வுத்தாளுக்கு வெளியே ஒரு நாளாவது எடுத்துப் பழகியிருந்தால் கடன் தாளைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கும். அந்தப் பழக்கத்தைப் பள்ளி தரவில்லை. பாடம் தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. கரை தாண்ட வைக்கும் பொறுப்பை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

தெரிவுக்குழு

ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. உள்ளதைச் சொல்கிறேன்: என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் சான்றிதழ் இல்லாதவை முதல் சுற்றிலேயே போய்விடுகின்றன. அவர்களுக்கு வேலை தெரியாது என்பதால் அல்ல. நூற்றுக்கணக்கானோரை நேரில் சோதித்துப் பார்க்க எங்களிடம் நேரம் இல்லை என்பதால். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கோட்பாடு இதுதான்: படிப்பு புதிதாகத் திறமை தராவிட்டாலும், இவர் சமாளிக்கக் கூடியவர் என்ற அடையாளத்தைத் தருகிறது, சந்தை அந்த அடையாளத்துக்கே விலை கொடுக்கிறது. 2001-இல் அவர் நோபல் பெற்றார்.

ஆகவே, பிள்ளையிடம் 'படிப்பு தேவையில்லை' என்று சொல்வதற்கு முன் யோசியுங்கள். சான்றிதழ் நியாயமான வாசலா என்பது வேறு கேள்வி. இன்று அதுதான் வாசல்.

மூலைமட்டம்

கட்டட வேலை மேஸ்திரி நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்களாக இருக்கிறீர்கள். நிற்க நேர்ந்தவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் குரு முதலில் சொல்லிக் கொடுத்தது நூல் கட்டுவது. மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைத்து, குறிக்குக் குறி 5 அடி வந்தால் மூலை சரி. வராவிட்டால் நூலைத் தள்ளி வை. பெரிய மனை என்றால் 30, 40, 50. இதற்குப் பிதாகரஸ் என்று பெயர் இருப்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். வேலை நடந்தது. ஆகவே இளவேனில் தம்பி சொல்வதில் பாதி எனக்குப் புரிகிறது.

மீதிப் பாதி வேறு. சூத்திரம் தெரியும், காரணம் தெரியாது. எனவே குரு காட்டாத இடம் வந்தால் கை நின்றுவிடும். அண்மையில் ஒரு மனை அளந்தேன். எதிரெதிர்ப் பக்கங்கள் 30 அடி, 30 அடி. 40 அடி, 40 அடி. மூலைக்கு மூலை இழுத்தால் ஒன்று 58, இன்னொன்று நாற்பதரைக்குள். 50 வரவில்லை, மனை கோணல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனால் பரப்பு எவ்வளவு? விற்கிறவர் 30-ஐ 40-ஆல் பெருக்கி 1,200 சதுர அடி என்கிறார். அது தவறு என்று தெரிகிறது, எவ்வளவு தவறு என்று சொல்ல எனக்குக் கணக்கு இல்லை. கணக்காசிரியை அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத் தாள் விஷயமும் அப்படியே. நாற்பது பக்கத் தாளைக் கொடுத்து 'எல்லாம் வழக்கமானதுதான், கீழே ஒப்பமிடுங்கள்' என்று ஒரு கட்டுமான நிறுவனம் சொன்னது. வேலை தாமதமானால் நாள் கணக்கில் பிடித்தம் என்று உள்ளே ஒரு வரி. மழையில் நின்ற நாட்களுக்கும் பிடித்தார்கள். எழுத்து தெரிவது வேறு, இப்படிப்பட்ட தாளைப் படிக்கத் தெரிவது வேறு. ஐந்தாறு ஆண்டு போதும் என்று தம்பி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். எனக்கு எட்டு ஆண்டும் போதவில்லை.

இரவுப்பணி

மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எந்தப் பாடம், எந்த வேலை என்று கேட்டதால் எழுதுகிறேன். விகிதம், அலகு மாற்றம். தினமும்.

12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று மருத்துவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 மில்லிகிராம். அலமாரியில் ஒரே மருந்தின் இரண்டு பாட்டில்கள்: ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், மற்றதில் 5 மில்லிக்கு 250. முதலாவதில் 7.5 மில்லி கொடுக்க வேண்டும், இரண்டாவதில் 3.6 மில்லிதான். 'போன முறை ஏழரை கொடுத்தோமே' என்று இரண்டாவது பாட்டிலிலிருந்து அதே அளவை ஊற்றினால் குழந்தைக்குப் போவது 375 மில்லிகிராம், இரு மடங்குக்கும் மேல். பெற்றோரிடம் பாட்டிலைத் திருப்பிக் காட்டி, பெயரை மட்டும் பார்க்காதீர்கள், கீழே உள்ள எண்ணைப் படியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பள்ளி சென்ற தாய்மார்களில் பலர் ஏன் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்த 'ஏன்' எனக்குப் பெரிய நிம்மதி.

இது என் தனி அனுபவம் மட்டும் அல்ல. 175 நாடுகளின் தரவைக் கொண்டு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 1970-க்கும் 2009-க்கும் இடையே குழந்தை இறப்பில் ஏற்பட்ட குறைவில் பாதிக்கு மேல் பெண்கள் கூடுதலாகப் படித்ததோடு தொடர்புடையது என்று கணித்தது. அந்தப் பெண்கள் பள்ளியில் படித்ததில் குழந்தை வளர்ப்பு என்ற பாடம் பெரும்பாலும் இருந்திருக்காது. வரலாறும் கணக்கும் மொழியும் படித்துவிட்டு வந்தவர்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள். இதற்கு இளவேனில் என்ன பதில் சொல்வீர்கள்?

நடைவண்டி

அப்படியானால் தீர்வு எளிது. கடன், வரி, ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து 'வாழ்க்கைத் திறன்' என்று ஒரு பாடம் வைத்துவிட்டால் போயிற்று. முக்கோணவியலைக் குறைத்துக்கொள்ளலாம்.

அகழ்

நானும் ஒரு காலத்தில் இதைத்தான் விரும்பினேன். ஆனால் 14 வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்கடன் படிவத்தைச் சொல்லிக் கொடுத்தால் அதை அவன் பயன்படுத்தப் போவது எப்போது? அதற்குள் படிவமே மாறியிருக்கும், படித்ததும் மறந்திருக்கும். நிதிக் கல்வி பற்றிய பல ஆய்வுகளை 2014-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாட்டில் அந்த வகுப்புகளால் விளக்க முடிந்தது 0.1 சதவீதம். பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் இதைவிட நம்பிக்கையூட்டுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும், பாடத்தின் பெயரை மாற்றுவதால் மட்டும் கரை தாண்டிவிட முடியாது. 'வாழ்க்கைத் திறன்' பாடத்துக்கும் ஒரு வினாத்தாள், ஐந்து மதிப்பெண், குறிப்பேடு என்று வந்துவிட்டால் அதுவும் கூட்டுத் தொடரின் வழியில்தான் போகும்.

இன்னொன்று. பார்க்காததைப் பற்றி யோசிக்கும் பழக்கத்தைப் பள்ளி தருகிறது. இதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 1931-32இல் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானில் பள்ளி செல்லாத உழவர்களிடம் ஒரு புதிர் வைத்தார்: பனி நிறைந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை; நோவாயா செம்ல்யா தூர வடக்கில் இருக்கிறது; அங்கே கரடி என்ன நிறம்? 'நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது' என்ற வகையிலேயே பலர் பதில் சொன்னார்கள். ஓரிரு ஆண்டு பள்ளி சென்றவர்கள் கொடுத்த வாக்கியங்களிலிருந்தே விடையை எடுத்தார்கள். அந்த உழவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று படிப்பது பெரும் பிழை; பார்க்காததைப் பேசமாட்டேன் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் என்பதே இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்கியங்கள்தான். 'தாமதமானால்' என்று தொடங்கும் வரியைப் படித்து, மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்க இந்தப் பழக்கம் வேண்டும்.

கடைசி பெஞ்சு

எல்லாரும் பாடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பள்ளி கற்றுத் தந்தது நான் மக்கு என்பது. அதை நன்றாகக் கற்றேன். எழுத்துகள் எனக்கு இடம் மாறித் தெரியும். அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் இருப்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள், மற்றவர்கள் சிரித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். இன்று இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன், எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தும் ஒரு கூட்டத்தில் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் உள்ளங்கை நனைந்துவிடும்.

ஒரு பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய தீர்ப்பை வாழ்நாள் முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டுத் தொடரும் கொடுத்தோம் என்று சொன்னால் அது போதுமா?

கணக்காசிரியை

போதாது. இதற்கு நான் எந்த வாதமும் வைக்கப் போவதில்லை. எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வு, கூடுதல் நேரம், பெரிய எழுத்து என்று எத்தனையோ வழிகள் உள்ளன. பல பள்ளிகளில் அவை இன்றும் கேட்டு வாங்க வேண்டிய சலுகையாகவே இருக்கின்றன. கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளை நின்றுகொண்டே இருக்கிறது. நீங்கள் இங்கே எழுதியதற்கு நன்றி. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், சத்தமாக வாசிக்க வைப்பதை முன்கூட்டியே சொல்லி, ஒத்துக்கொண்ட பிள்ளையிடம் மட்டும் கேளுங்கள்.

நெறியாளர்

கடன் வட்டி பற்றித் தனியாகக் கேட்டு வந்த கேள்விகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். பள்ளி பற்றிய விவாதம் இங்கேயே தொடரட்டும்.

இளவேனில்

ஐந்தாறு ஆண்டு போதும் என்று எழுதியதை மேஸ்திரி ஐயாவுக்காகவும் செவிலியர் அம்மாவுக்காகவும் திரும்பப் பெறுகிறேன். குழந்தை இறப்பு பற்றிய ஆய்வுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் என் கோபம் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பாடம் பயனுள்ளது என்று இங்கே நிறுவியவர்கள் அத்தனை பேரும் அதை வேலையில் இறங்கிய பிறகே புரிந்துகொண்டவர்கள். கணக்காசிரியை அம்மா எழுதிய பத்து வரியை ஒரு கடன் தாளை வைத்துக்கொண்டு வகுப்பில் சொல்ல ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளை ஏன் கிடைக்கவில்லை? தேர்வில் வராது என்பதால். வினாத்தாள் எழுதுகிறவர்கள் உண்மையான கடன் தாள் ஒன்றை அப்படியே அச்சடித்து, 'உண்மை வட்டி என்ன? கையெழுத்திடலாமா?' என்று கேட்டால் அடுத்த ஆண்டே எல்லா வகுப்பிலும் இது நடக்கும். பாடநூலை மாற்றுவதற்கு முன் வினாத்தாளை மாற்றுங்கள் என்பதே இப்போது என் கோரிக்கை.

கணக்காசிரியை

வினாத்தாள் பற்றிச் சொன்னதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன்.

மேஸ்திரி ஐயா, உங்கள் மனைக்கு வருகிறேன். 58 அடி மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றின் பக்கங்களும் 30, 40, 58. மூன்றையும் கூட்டினால் 128, பாதி 64. இந்த 64-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழியுங்கள்: 34, 24, 6. இப்போது 64, 34, 24, 6 நான்கையும் பெருக்கி, கைப்பேசியில் வர்க்கமூலம் அழுத்துங்கள். ஏறத்தாழ 560 வரும். இரண்டு முக்கோணம் என்பதால் 1,120 சதுர அடி. விற்கிறவர் 80 சதுர அடியைக் கூட்டிச் சொல்கிறார்.

இது அலெக்சாந்திரியாவின் ஹெரான் பெயரில் உள்ள சூத்திரம். அவர் முதலாம் நூற்றாண்டுக்காரர். விற்கிறவர் சொன்னது எதிர்ப்பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் முறை. அதுவும் மிகப் பழையது. எகிப்தின் எட்ஃபு கோயில் கல்வெட்டுகளில் நிலங்களுக்கு இப்படித்தான் பரப்பு போட்டிருக்கிறார்கள். நான்கு மூலையும் நேராக இருந்தால் சரியாக வரும். கோணலான மனையில் எப்போதும் கூட்டியே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குகிறவருக்குத்தான் நட்டம்.

மூலைமட்டம்

அம்மா, போட்டுப் பார்த்தேன். 559.8 வருகிறது. மிக்க நன்றி. என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு நாளை நூல் கட்டும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மூலை மனை வந்தால் என்ன செய்வது?

கணக்காசிரியை

ஒரு மூலையில் நின்றுகொண்டு, பக்கத்தில் இல்லாத இரண்டு மூலைகளுக்கும் நாடாவை இழுங்கள். மூன்று முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டுங்கள். ஏதாவது ஒரு மூலை மனைக்கு உள்நோக்கி மடிந்திருந்தால் அந்த மூலையிலிருந்தே இழுங்கள். வேறு மூலையில் நின்றால் நாடா மனைக்கு வெளியே போய்விடலாம்.